பத்து வெள்ளிக்குள் ஈப்போ

ஊருக்கு வருகிறேன் என்று சொன்னதுமே வீட்டில் திட்டம் போடத் தொடங்கிவிடுவார்கள். சித்தப்பா வீட்டில் ஒரு நாள் விருந்து, பேரங்காடியில் புதிதாகத் திறந்திருக்கும் ஜப்பானியக் கடையில் ஒரு நாள், அத்தை மகன் சொல்லும் ஏதோ ஒரு கஃபேயில் ஒரு நாள். தூரத்திலிருந்து வந்தவளை நல்ல இடத்தில் உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்ற பிரியம்தான் அது. ஆனால் மெல்பர்னில் தெருவுக்குத் தெரு கிடைப்பதையே ஈப்போவில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சாப்பிட எட்டு மணி நேரம் பறந்து வர வேண்டுமா? இந்த முறை விமானச் சீட்டு எடுத்த அன்றே அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"வெளிய சாப்பிட்டா ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்குப் பத்து வெள்ளிக்கு மேல போகக் கூடாதுக்கா. எங்கன்னு நானே சொல்றேன்."

"பத்து வெள்ளிக்கு இப்ப என்னா கெடைக்குதுன்னு நீயே வந்து பாரு லா" என்றாள்.

மலேசியாவுக்கு வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்காக: நாங்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வோம். ஒரு வெள்ளிக்கு நூறு காசு.

முதல் காலை நாசி லெமாக்கில்தான் தொடங்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. எங்கள் வீடு ஈப்போவின் புந்தோங் பகுதியில். எங்கள் தாமான் (குடியிருப்பு) முனையில் ஒரு மலாய்க்கார அக்கா மடக்கு மேசை போட்டு விற்கிறார். காலை ஆறரைக்கு வருவார், எட்டரைக்கெல்லாம் மேசை காலி. பொட்டலம் 2 வெள்ளி 50 காசு. வாழை இலைத் துண்டின் மேல் சோறு, அதன் மேல் ஒரு கரண்டி சம்பால், கொஞ்சம் வறுத்த நெத்திலி, கச்சான் கடலை, வெள்ளரித் துண்டு, கால் முட்டை. அதைப் பழுப்புத் தாளில் கூம்பாக மடித்திருப்பார். பிரித்ததும் எழும்பும் வாசத்தில் தேங்காய்ப் பாலும் பாண்டான் இலையும் சூட்டில் வாடிய வாழை இலையும் கலந்திருக்கும். தட்டில் போட்டுக் கொடுக்கும் நாசி லெமாக்கில் அந்த வாசம் பாதிகூட வராது. பெரிய கோழி வறுவலோடு பளபளக்கும் தட்டில் வருவதைவிட இந்தச் சின்னப் பொட்டலம்தான் எனக்கு மேல்.

இரண்டரை வெள்ளிப் பொட்டலத்துக்குள் இருக்கும் வேலையைப் பாருங்கள். அரிசியை ஊறவைத்து, தேங்காய்ப் பாலில் இஞ்சியும் பாண்டான் இலையும் போட்டு, குழையாமல் பருக்கை பருக்கையாக வேகவைக்க வேண்டும். பால் கூடினால் சோறு திகட்டும், குறைந்தால் அது வெறும் சோறு. சம்பாலுக்குக் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பெலாச்சான் என்னும் இறால் பசை சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் மிளகாயின் பச்சை வாடை தொண்டையைப் பிடிக்கும். புளியும் சீனியும் அதற்குப் பிறகுதான். அந்த அக்கா அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பதாகச் சொன்னார். மெல்பர்னில் என் சமையலறையில் எல்லாச் சாமானும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. ஆனால் தினம் தினம் நூறு பொட்டலத்துக்கு ஒரே ருசியில் கிளறிப் பழகிய கை இல்லை.

தேங்காய் விலை 2025 தொடக்கத்தில் ஏறி, நோன்புப் பெருநாள் சமயத்தில் அரசாங்கம் விலைக்கட்டுப்பாடு போட வேண்டிய நிலை வந்தது. முட்டைக்கான மானியம் அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதியோடு நின்றது. இந்த அக்கா பொட்டலத்தின் விலையைத் தொடவில்லை. முன்பு அரை முட்டை வைத்துக்கொண்டிருந்தவர் இப்போது கால் முட்டை வைக்கிறார். வாடிக்கையாளர்கள் எல்லாருமே பக்கத்துத் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள், இரண்டு வெள்ளி ஐம்பதைத் தாண்டினால் வாங்கமாட்டார்கள் என்றார்.

இதே நாசி லெமாக் பொட்டலத்தைப் பழைய டவுன் பக்கத்துச் சீனக் கோப்பிக் கடைகளில் மேசைக்கு மேசை அடுக்கி வைத்திருப்பார்கள். யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். நாமே எடுத்துப் பிரித்துச் சாப்பிட வேண்டியது, கடைசியில் காலித் தாளை எண்ணிக் காசு கொடுக்க வேண்டியது. சீனர் கடை, மலாய்க்காரர் பொட்டலம், சாப்பிடுகிறவள் தமிழச்சி. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோப்பி. ஈப்போவின் வெள்ளைக் கோப்பிக்குக் கொட்டையை மார்ஜரின் மட்டும் சேர்த்து வறுக்கிறார்கள். வழக்கமான கறுப்புக் கோப்பிக்குச் சீனியும் சேர்த்துக் கருக வறுப்பார்கள். அதனால்தான் வெள்ளைக் கோப்பியில் கசப்பு குறைவு. எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் நாசி லெமாக்கின் காரத்துக்குப் பால் சேர்க்காத கோப்பி ஓ-தான் சரியான ஜோடி.

அடுத்த நாள் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடை.

தமிழ் முஸ்லிம்கள் இந்த நாட்டுக்குக் கொடுத்த கொடைகளில் ரொட்டி சானாயை நான் மிக உயரத்தில் வைப்பேன். எங்கள் தாமான் கடையில் ரொட்டி போடும் அண்ணன் இராமநாதபுரம் பக்கத்துக்காரர். முந்தின இரவே பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயில் குளிப்பாட்டி வைத்த மாவு. அதைக் கல்லின் மேல் தட்டி அகலமாக்கி, விளிம்பைப் பிடித்துக் காற்றில் வீசுவார். இரண்டே வீச்சில் மாவு கைக்குட்டை போல மெலிந்து, பின்னால் நிற்பவரின் சட்டை நிறம் தெரியும். மடித்துத் தவாவில் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஓங்கி ஒரு தட்டு. அந்தத் தட்டில்தான் அடுக்குகள் பிரிகின்றன. தட்டாமல் கொடுக்கிற கடையில் நான் இரண்டாவது ரொட்டி கேட்பதில்லை.

"அண்ணே, கோசோங் ரெண்டு, பருப்பும் மீன் கறியும் கலந்து, சம்பால் ஓரமா. தே தாரிக் ஒண்ணு, கூராங் மானிஸ்."

"சீனி கம்மியா? வெளிநாட்டுலேருந்து வந்திருக்கீங்களாம்மா?"

"ஆமாண்ணே. ஆனா புந்தோங்கு புள்ளதான்."

எதுவும் சேர்க்காத கோசோங் ரொட்டி ஒன்று 1 வெள்ளி 80 காசு, தேத்தண்ணி 2 வெள்ளி 50. ஆக 6 வெள்ளி 10 காசு. மெல்பர்னில் இதே இரண்டு ரொட்டிக்கும் ஒரு கிண்ணம் கறிக்கும் பத்து டாலருக்குமேல் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் அது உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கியதாக இருக்கும். பசிக்குப் போதும், குறை சொல்லமாட்டேன். ஆனால் வீசிய மாவின் ஓரத்தில் மொறுமொறுப்பும் நடுவில் மிருதுவும் ஒரே கடியில் வருவது கல்லுக்கு முன்னால் ஆள் நின்றால்தான் நடக்கும்.

தே தாரிக்கும் அப்படித்தான். துணி வடிகட்டியில் தேயிலைத் தூளைக் கொதிநீர் ஊற்றி இறக்கி, டின் பால் கலந்து, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குக் கை நீளத்துக்கு இழுத்து ஆற்றுவார்கள். பார்ப்பதற்கு அழகு என்பது ஒருபுறம். அப்படி இழுக்கும்போது சூடு குடிக்கிற பதத்துக்கு இறங்குகிறது, அடியில் தங்கும் பால் முழுதாகக் கலக்கிறது, மேலே நுரை கட்டுகிறது.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனித குலத்தின் அருவ மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அதில் உண்டு. பல இனத்தார் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்துக்காகக் கிடைத்த அங்கீகாரம் அது. செய்தியை மெல்பர்னில் வாசித்தபோது மனம் நிறைந்தது. அந்த அங்கீகாரம் ரொட்டி வீசும் அண்ணனையும் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டும் அக்காவையும் சேரும் என்று நான் நம்புகிறேன். அவர்கள் நின்றுவிட்டால் பட்டியலில் இருப்பது பெயர் மட்டும்தான்.

சரி, விலைக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத நினைத்ததே இதற்காகத்தான்.

ஓர் ஆஸ்திரேலிய டாலருக்கு மூன்று வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு நாசி லெமாக் ஒரு டாலருக்கும் கீழே. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் வாயில் "ச்சே, என்னா மலிவு!" என்ற சொல் தானாக வந்துவிடும். அதை ஒட்டுக்கடைக்கு முன்னால் நின்று உரக்கச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்குப் பொறுக்காது. அந்த விலை அங்கே வரிசையில் நிற்கிறவர்களுக்கு மலிவா என்பதை அவர்களுடைய சம்பளத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

என் அக்கா ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை அவள், அத்தான், இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேரும் மாமாக் கடைக்குப் போனால் பில் முப்பது வெள்ளியை ஒட்டி வரும். பிள்ளைகள் மைலோ ஐஸும் முட்டை போட்ட ரொட்டி தெலூரும் கேட்டால் அதற்கும் மேலே. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளக்காரர் ஒருவருக்கு அந்தக் காலைப் பசியாறல் ஏறக்குறைய அரை நாள் உழைப்பு. அதனால் அக்கா வீட்டில் வாரநாள் காலையில் மீகூன் (அரிசிச் சேமியா) பிரட்டல்தான். முதல் நாள் இரவே நெத்திலியும் கடுகுக் கீரையும் நறுக்கி வைத்துவிடுவாள். மாமாக் கடை மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு மட்டும். "ஒனக்கு லீவு லா, எனக்கு மாசக் கணக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னாள்.

2023 ஜனவரி 31-ஆம் தேதி 'மெனு ரஹ்மா' என்ற திட்டம் வந்தது. ஐந்து வெள்ளிக்கோ அதற்குக் கீழோ ஒரு முழுச் சாப்பாடு. உள்நாட்டு வாணிப அமைச்சராக இருந்த சலாவுடின் அயூப் கொண்டுவந்தது. கடைக்காரர்களைத் தாமாக முன்வந்து சேரச் சொன்னார், இந்திய உணவகங்களும் மாமாக் கடைகளும் சேர்ந்தன. அந்த ஆண்டு ஜூலையிலேயே அவர் காலமாகிவிட்டார். அவர் பெயரைச் சொன்னால் எங்கள் தாமானில் இன்னும் மரியாதையோடுதான் பேசுகிறார்கள். எத்தனையோ பெரிய திட்டங்களுக்கு நடுவில், ஒரு தட்டுச் சோறு ஒரு கூலிக்காரனுக்கு எட்டுகிற விலையில் இருக்க வேண்டும் என்று நினைத்த ஓர் அமைச்சரை மக்கள் மறக்கமாட்டார்கள்.

ரசீதைப் படமெடுத்து, இதற்கு இவ்வளவா என்று சமூக ஊடகத்தில் போடும் பழக்கம் இப்போது நிறைய. ஏமாற்றுகிற கடையைக் கேட்கத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோழிக்கான மானியம் 2023 நவம்பரில் நின்றபின் ஒரு துண்டுக் கோழிக்கு ஐம்பது காசு கூட்டிய ஒட்டுக்கடைக்காரரை, மாதம் டாலரில் சம்பளம் வாங்குகிற நாம் படம் பிடித்துக் காட்டுவது நியாயமே இல்லை. நான் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்ப்பதும் இல்லை, பேரம் பேசுவதும் இல்லை. விலை ஏறியிருக்கிறதே என்று கேட்கத் தோன்றினால், அரிசி மூட்டை இப்போது என்ன விலை என்று கேட்கிறேன். பேச்சு அங்கிருந்து நன்றாகவே போகும்.

மதியத்துக்கு சாப் ஃபான் கடை. இருபது, முப்பது தட்டில் கறிகள் வரிசையாக இருக்கும். சோற்றைத் தட்டில் வாங்கிக்கொண்டு நாமே அள்ளிக்கொள்ள வேண்டும். பெலாச்சானில் வதக்கிய கங்கோங் கீரை, தௌஃபு, முட்டை, கத்தரிக்காய், மீன். கல்லாவில் இருக்கும் ஆன்ட்டி தட்டை ஒரு பார்வை பார்த்து விலை சொல்வார். தராசு கிடையாது, விலைப்பட்டியல் கிடையாது. இரண்டு காய்கறியும் ஒரு முட்டையும் என்றால் ஏழு வெள்ளிக்குள் முடியும். மீனைத் தொட்டால் பத்தைத் தாண்டலாம். அம்மாவின் தட்டைப் பார்த்து ஆன்ட்டி சொன்ன விலை என் தட்டைவிட ஒரு வெள்ளி குறைவு. இரண்டிலும் ஒரே கறிகள்தான். வயதானவர்களுக்கு அப்படித்தான் என்று அம்மா சொன்னார். விலைப்பட்டியல் இல்லாததால் சிலர் சந்தேகப்படுவார்கள். எனக்கு அந்தக் கண் கணக்கின் மேல் நம்பிக்கை உண்டு, ஏனென்றால் அதில் இப்படி விட்டுக்கொடுக்கவும் இடம் இருக்கிறது.

நாசி கண்டாரைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்பீர்கள். பினாங்குக்கு ஒரு நாள் போய் வந்தேன். இறைச்சியோ மீனோ எடுத்துக்கொண்டால் பத்து வெள்ளிக்குள் அடங்காது, அதனால் என் கட்டுப்பாட்டில் அது சேராது. ஆனால் அதன் கதையும் கூலிக்காரர்களோடு சேர்ந்ததுதான். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியுமாகத் தூக்கிக்கொண்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சோறு அது. கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா கடை 1907-இலிருந்து நடக்கிறது. இன்று அந்த வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் கேமராவோடு வந்த பயணிகள். சோறு அருமையாகத்தான் இருந்தது. அங்கே நிற்கும்போது எனக்கு ஈப்போ நாசி லெமாக் அக்காவின் நினைவுதான். அவருடைய பொட்டலமும் ஒரு நாள் இப்படிப் புகழ்பெற்று, தொழிற்சாலைக்குப் போகிறவரின் கைக்கு எட்டாமல் போய்விடக் கூடாது.

வெயில் நேரத்துக்குச் செண்டோல். பாண்டான் சாறு கலந்த பச்சை நூல்கள், சீவிய ஐஸ், தேங்காய்ப் பால், குலா மலாக்கா வெல்லம், வேகவைத்த சிவப்புக் காராமணி. பெரும்பாலான ஊர்களில் ரோஜாக் வண்டியும் செண்டோல் வண்டியும் ஒன்றாகவே நிற்கும். ஒரு தட்டு ரோஜாக்கை இரண்டு பேர் பகிர்ந்து, ஆளுக்கொரு செண்டோல் என்றால் பத்துக்குள் நிம்மதியாக அடங்கும். ரோஜாக்கின் கச்சான் குழம்பில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்துச் சேர்ப்பதால்தான் அந்தக் கெட்டியும் இனிப்பும் வருகின்றன.

மாலையில் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு இடியாப்பக்காரர் வருவார். இங்கே இடியாப்பத்தைச் சொதியோடு தருவதில்லை, தேங்காய்த் துருவலும் பழுப்புச் சீனியும்தான். சீனரும் மலாய்க்காரரும் அதைப் புத்து மாயாம் என்று கேட்டு வாங்குவார்கள். தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்குப் போகிறவருக்குப் பாட்டி இடியாப்பம் பிழிய நேரம் இருந்ததில்லை, சம்பள நாளில் வெளியில் வாங்கிய தின்பண்டம் அது என்று அம்மா சொல்வார். அம்மா இன்றும் ஹாரன் சத்தம் கேட்டால் செருப்பைத் தேடுவார்.

கடைசியாக எங்கள் புந்தோங். ஈப்போவைப் பற்றி எழுதுகிறவர்கள் கோழியும் முளைப்பயறும், கோப்பியும், பழைய டவுன் சந்துகளும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைவு. ஆனால் நாடு முழுக்கச் சாப்பிடுகிற கச்சாங் பூத்தேயின் ஊர் இதுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் வீட்டிலேயே கடலையும் பட்டாணியும் வறுத்து, முறுக்கும் ஓமப்பொடியும் பிழிந்து, தலையிலும் சைக்கிளிலும் சுமந்து விற்ற தொழில். ஒரு காலத்தில் எந்தத் திரையரங்கு வாசலிலும் தாள் கூம்பில் அளந்து தரும் கச்சாங் பூத்தேக்காரர் இருப்பார். திரையரங்குகள் பேரங்காடிக்குள் போனபின் அவர்கள் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைக்கும் பொட்டல வியாபாரத்துக்கும் மாறினார்கள்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னும் வீட்டின் பின்கட்டில் பொரிக்கிறார்கள். அங்கே பொரிக்கும் அத்தை ஒருவரிடம் எண்ணெய் விலையைக் கேட்டேன், பெருமூச்சு விட்டார். பேரப்பிள்ளைகள் படித்துக் கோலாலம்பூர் போய்விட்டார்கள், பிழிய ஆள் கிடைப்பதில்லை, பாதி வேலையை இப்போது மெஷின் செய்கிறது. "மெஷின்ல புழிஞ்சாலும் மாவு பதம் நான்தாம்மா பாக்கணும்" என்றார். அரிசி மாவும் உளுந்தும் எந்த அளவு, சூடான எண்ணெய் எவ்வளவு விட வேண்டும் என்பதெல்லாம் அவர் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. நான் கேட்டுக் கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன், அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பட்டாணி, காரக்கடலை, ஓமப்பொடி, நெத்திலி சேர்த்த கலவை, எல்லாவற்றிலும் வாங்கினேன். சின்னப் பொட்டலம் மூன்று சேர்ந்து பத்து வெள்ளி.

ஈப்போவுக்கு வருகிறவர்கள் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடலாம். நிலையத்திலிருந்து புந்தோங் பக்கம்தான். காலையிலேயே வாருங்கள். மதியத்துக்குள் பொரித்து முடித்து எடைபோட்டுக் கட்டிவிடுவார்கள், சூடாகக் கையில் அள்ளித் தருவது அதற்கு முன்னால்தான். பெரிய தாளாக நீட்டாமல் சில்லறையாக எடுத்துப் போங்கள், அத்தையிடம் மீதி கொடுக்கக் காசு இருக்காது.